பகல் ஆட்டக்காரன்

அக்டோபர் 19, வியாழன்

கோழிக்கோடு வந்து சேர்ந்தோம். பாலக்காடு தாண்டியதும் ரயில் ஜன்னல் முழுக்கப் பச்சை. தூங்கிப் போனேன், முழித்தேன், அப்பவும் பச்சை. எது கனவு எது ஜன்னல் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

இந்த டைரி என் பேரன் குணாளனுக்கு அவன் க்ளப்பில் கொடுத்தது. “நான் எங்க எழுதப் போறேன், நீயே எழுது ஆயா. அஞ்சாங்கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வந்தவளாச்சே”ன்னான். கிண்டல்தான், ஆனால் நிஜம். வியாசர்பாடி கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைக் கரும்பலகையில் விட்டுவைப்பார் வாத்தியார், மறுநாள் வரைக்கும் அழிக்க மாட்டார். ஆறாவதுக்கு என்னை அனுப்பவில்லை. தம்பி ஏகாம்பரம் பிறந்துவிட்டான், இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

குணாளன் என் மகள் தேவிகாவின் பிள்ளை. இருபத்தேழு வயசு. கால்பந்துதான் அவனுக்கு உத்தியோகம். பத்தாம் நம்பர் சட்டை. சென்னையில் ஆடினான், கோவாவில் ஆடினான், இங்கே இது மூணாவது வருஷம். போன ரெண்டு வருஷம் தனியாகத்தான் இருந்தான். இந்த வருஷம் அவனே கூப்பிட்டான். “மெஸ் சாப்பாடு ஒத்துக்கல ஆயா, கூட வந்து இரு.” எழுபது வயசில் எந்தக் கிழவிக்கு இப்படி அழைப்பு வரும்?

அக்டோபர் 22, ஞாயிறு

மூணாவது மாடி. தெரு முனையில் கடல். காலையில் வெயில், மூணு மணிக்கு இடி, நாலு மணிக்கு மழை. கடிகாரமே வேண்டாம் இந்த ஊருக்கு.

முருங்கைக்கீரை கிடைத்தது. ஆட்டு ஈரலும் கேரட்டும் வாங்கினேன்.

அக்டோபர் 28, சனி

முதல் ஆட்டம். எதிர் வீட்டு ஸுஹரா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நிறையத் தமிழ் படம் பார்ப்பாள், அதனால் தமிழ் வரும்.

ரெண்டுக்கு ஒண்ணு, ஜெயித்தோம். ரெண்டு கோலும் குணாளன் எடுத்துக் கொடுத்தது. இதை நான் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை. அவன் பந்தை ஆள் நிற்கிற இடத்துக்கு அனுப்ப மாட்டான். ஆள் இன்னும் வந்து சேராத இடத்துக்கு அனுப்புவான். பந்து அங்கே போய் ஒரு நொடி தனியாக உட்கார்ந்திருக்கும், திருவிழாவில் யாரையோ தேடி நிற்கிற பிள்ளை மாதிரி. அப்புறம் ஒருத்தன் மூச்சு வாங்க ஓடிவந்து காலை வைப்பான். கோல். எல்லோரும் அவன் மேல் விழுந்து புரளுவார்கள். என் பேரன் தூரத்தில் நின்று சாக்ஸை இழுத்து விட்டுக்கொள்வான்.

“பேரன் கோல் அடிக்கலையல்லோ?” என்றாள் ஸுஹரா.

“கல்யாணத்துல தாலி கட்றவன் ஒருத்தன்தாம்மா. பொண்ணு பாத்து, நாள் குறிச்சி, பந்தல் போட்டு, அவனைக் கொண்டாந்து மணையில உக்கார வச்சது யாரு?”

சிரித்து சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

நவம்பர் 3, வெள்ளி

“இன்னா ஆயா, தெனம் ஈரலா? கோழிக்கோட்டு ஆடெல்லாம் என்னைப் பாத்தா ஓடுது.”

“துன்னுடா. உடம்புக்கு நல்லது.”

“எந்த உடம்புக்கு?”

“இருக்கற உடம்புக்கு.”

சாப்பிட்டுவிட்டு எழுந்தவன் பக்கத்தில் இருந்த வாளியை உதைத்துவிட்டான். வீடெல்லாம் தண்ணீர். தப்பு என்னுடையது, வாளியை நடையில் வைத்துவிட்டேன். நெடுநெடுவென்று வளர்ந்தவனுக்குக் கீழே இருப்பது எங்கே தெரியப் போகிறது? முக்காலி, செருப்பு ஸ்டாண்டு எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன். இப்போது நடுக்கூடம் மைதானம் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 11, சனி

அவனுக்குப் பயிற்சி முடிய ஆறு ஆகிறது. “ஆயா, உனக்கும் நடை நல்லது, கிரவுண்டு கேட்டாண்ட வந்துடு, சேர்ந்து வரலாம்” என்றான். ஒரு வாரமாகப் போகிறேன். மழை விட்ட சாலை. மரத்தில் இருந்து சொட்டுகிறது. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வருகிறான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பெரிய ஆட்டக்காரன், கிழவி தோளில் கை போட்டு நடக்கிறான். கடைக்காரர்கள் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள், அவனுக்குத்தான், ஆனால் நானும் தலையாட்டிக்கொள்கிறேன்.

ஏகாம்பரமும் இப்படித்தான் தோளைப் பிடித்துக்கொண்டு வருவான், சாயங்காலம் ஆனால். அது சின்ன வயசில். அது வேறு.

நவம்பர் 14, செவ்வாய்

மதியம் கண் அசந்தேன். பெரிய மைதானம், கோடே போடவில்லை, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடுவில் அரை டிராயரோடு ஏகாம்பரம். நான் கூப்பிடுகிறேன். அவன் என் பக்கம் திரும்பாமல் நேராகவே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இடி இடித்தது, எழுந்து துணி எடுத்தேன்.

நவம்பர் 25, சனி

ஆட்டம் டிராவில் முடிந்தது. டிவியில் மலையாளத்தில் சொன்னார்களாம், ஸுஹரா மொழிபெயர்த்தாள். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் குணாளன் ஏழு முறை தலையைத் திருப்பி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறானாம், வேறு எவனும் நாலைத் தாண்டவில்லையாம். “மைதானம் முழுவதும் மனசிலே வரைஞ்சு வச்சிருக்கிறான்” என்று புகழ்ந்தார்களாம்.

நான் அவனை ஒன்பது வயசில் இருந்து பார்க்கிறேன். அப்போதெல்லாம் ஒரு தடவை திரும்பினால் போதும் அவனுக்கு. இப்போது ஏழு. வளர்ந்துகொண்டே போகிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நவம்பர் 26, ஞாயிறு

பிஜு சாப்பிட வந்தான். வலது பக்கம் ஓடுகிற ஆட்டக்காரன், திருச்சூர்க்காரன். சென்னையில் இவனோடு ரெண்டு வருஷம் ஆடியவன், தமிழ் பொளந்து கட்டுவான்.

“ஆயா, உங்க பேரன்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. நேத்து முழுக்க வலது பக்கம் ஃப்ரீயா நின்னு கையைக் கையைக் காட்டறேன். ஒரு பந்து வரலை. ஆட்டம் முடியறப்போ டிராஃபிக் போலீஸ்னு நெனச்சி ஒரு ஆட்டோக்காரன் நின்னுட்டான்.”

“நீ இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருந்தா கண்ணுல படுவ. போய் குளிச்சிட்டு வா.”

“குளிச்சிட்டுதான் வந்தேன் ஆயா!”

“அப்ப சரி, அது அவன் தப்புதான்.”

பிஜு மேஜையைத் தட்டிச் சிரித்தான். குணாளன் சிரிக்கவில்லை. மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 2, சனி

பெரிய செய்தி. கொல்கத்தாவில் ஒரு பெரிய க்ளப் இவனைக் கேட்கிறது. மூணு வருஷ ஒப்பந்தம். ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் உடம்பைப் பரிசோதிப்பார்களாம், அவ்வளவுதான். எந்த ஆட்டக்காரனுக்கும் கனவு அது என்றான் பிஜு. தேவிகாவுக்குப் போன் போட்டோம். சத்துணவுக் கூடத்தில் வேலையாக இருந்தாள், பின்னால் பிள்ளைகள் கத்துகின்றன, இவளும் கத்துகிறாள், அப்புறம் அழுகிறாள்.

குணாளன், “பாக்கலாம்மா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். இவ்வளவு பெரிய சேதிக்கு ஒத்தை வார்த்தைதானா?

டிசம்பர் 4, திங்கள்

அவன் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு உறை. இங்கிலீஷில் எழுதியிருந்தது, எனக்கு ஆகாது. ஆனால் படம் இருந்தது. ரெண்டு வட்டம். ரெண்டும் ஓரமெல்லாம் கன்னங்கரேல் என்று கருப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, ஒரு அப்பளம் அளவு கூட இல்லை, ஒரு பொட்டு அளவு.

“இன்னாடா இது?”

“க்ளப்ல எல்லாருக்கும் எடுக்கறது ஆயா. வச்சிடு.”

வைத்துவிட்டேன். பையைத் துவைத்தேன். மழை, காயவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

ஏகாம்பரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரெண்டு நாளாக இருக்கிறது.

என் தம்பி. என் மகளுக்குத் தாய்மாமன். தேவிகாவை அவனுக்குத்தான் கட்டி வைத்தேன். எங்கள் பக்கம் மாமன் இருக்கும்போது வெளியே கொடுப்பதில்லை, கொடுத்தால் பேசுவார்கள். தேவிகா கொஞ்சம் முரண்டு பிடித்தாள். பத்து வயசு மூத்தவர், தூக்கி வளர்த்த மாமா என்றாள். நான் என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடற ஆம்பளடி. குடி இல்ல, ஊர் சுத்தறது இல்ல, நைட் ஷிஃப்ட் போக மாட்டான். எவளுக்குக் கிடைக்கும்?”

தெருவில் நாலு பேர் அதைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நல்லபடியாகத்தான் இருந்தார்கள். குணாளனுக்குப் பதினொரு வயசில் ஏகாம்பரம் போய்விட்டான். பெயிண்ட் கம்பெனியில் வேலை முடியக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அந்தி நேரம், ரோட்டைக் கடந்தான். லாரியில் லைட் இல்லை. போலீசிடமும் அதைத்தான் சொன்னேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பிஜுவுக்கு அடிபட்டுவிட்டது.

பந்து மேலே இருந்து இறங்கியது. குணாளன் அதையே பார்த்து எகிறினான். வலது பக்கத்தில் இருந்து பிஜுவும் எகிறினான். “என்னுது, என்னுது” என்று பிஜு கத்தினது எங்களுக்கே கேட்டது. கூட்டத்தின் இரைச்சலில் குணாளனுக்குக் கேட்கவில்லை. சொந்த ஆள் மேலேயே போய் மோதினான். பிஜுவின் கன்னத்து எலும்பு உடைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும், இதெல்லாம் ஆட்டத்தில் சகஜம் என்கிறார்கள். பிஜுவே கட்டுப் போட்ட முகத்தோடு அதைத்தான் சொன்னான். குணாளன் ஆஸ்பத்திரி பெஞ்சில் தன் ரெண்டு உள்ளங்கையையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டிசம்பர் 12, செவ்வாய்

லாரியில் லைட் இருந்தது.

டிசம்பர் 13, புதன்

காலையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான்.

“ஆயா, ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“எனக்கு ஓரமெல்லாம் தெரியல. பேப்பரை சுருட்டி அது வழியா பாக்கறா மாரி இருக்குது. வெளிச்சம் கம்மியானா அதுவும் இல்ல. ரெண்டு வருசமா தெரியும். டாக்டர்கிட்ட போனேன். இது மெல்லக் குறைஞ்சிக்கினே வருமாம். எப்ப நிக்கும்னு தெரியாதாம். மருந்து இல்லயாம்.”

நான் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“கொல்கத்தாவுல நெஞ்சு பாப்பாங்க, முட்டி பாப்பாங்க. கண்ணுக்கு எதிர்ல எழுத்து வச்சி படிக்கச் சொல்வாங்க. எதிர்ல இருக்கறதை எல்லாம் படிச்சிடுவேன் ஆயா. அதான் பிரச்னையே. பாஸ் ஆயிடுவேன். அப்புறம் அங்கே எத்தினி பேரு மேல மோதறதுன்னு தெரியல. போவலைன்னா இத்தோட முடிஞ்சிது. பதினெட்டு வருசம் ஆயா. காலைல எழுந்ததுலேருந்து இது ஒண்ணுதான் செஞ்சிருக்கேன்.”

அப்புறம் அவனே சொன்னான். “டாக்டர் கேட்டாரு, குடும்பத்துல யாருக்கனா இருக்குதான்னு. இல்லன்னேன். எனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சின்னு அவருக்கே ஆச்சரியம்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முப்பது வருஷமாக அப்படித்தான் இருந்தேன், ஒன்றும் குடி முழுகவில்லை என்று நினைத்துக்கொண்டு. கை கழுவிவிட்டு வந்து சொன்னேன்.

அவன் அப்பாவுக்கு இருந்தது. சின்ன வயசிலேயே மாலைக்கண் என்று எங்கம்மா ஈரல் வாங்கிக் கொடுப்பாள், கீரை கொடுப்பாள். சரியாகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆகவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்ததும் நைட் ஷிஃப்ட் போகாததும் நல்ல பழக்கம் இல்லை, பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதையே பெருமையாகச் சொல்லிக் கட்டி வைத்தேன். என் தம்பி தனியாக நின்றுவிடக் கூடாதே என்று பார்த்தேன். அவனுக்கும் என் மகளுக்கும் ஒரே ரத்தம் என்பதை நான் உறவு என்று மட்டும்தான் நினைத்தேன். லாரியையும் சொன்னேன்.

குணாளன் என்னைப் பார்த்தான். நேராகத்தான் பார்த்தான்.

“அப்ப இந்த ஈரல், கீரை எல்லாம்?”

“ஆமாண்டா.”

“வந்த நாள்லேருந்து உனக்குத் தெரியும்.”

“போன வருசம் பொங்கலுக்கு நீ மொட்டை மாடிப் படியில தடவித் தடவி இறங்கினப்பவே தெரியும்.”

ஷூவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நெத்திலி அப்படியே இருந்தது. ஸுஹராவின் பூனைக்குப் போட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

“சோறு?” “ம்.”

டிசம்பர் 16, சனி

“கொஞ்சம் ரசம்?” “வேணாம்.” சாயங்காலம் கேட்டுக்குப் போனேன். வேறொரு ஆட்டக்காரனின் பைக்கில் ஏறிப் போய்விட்டானாம். மெதுவாக நடந்து வந்தேன். அதே மரம், அதே சொட்டு.

டிசம்பர் 19, செவ்வாய்

கோச் வீட்டுக்கு வந்தார். கோவாக்காரர், தமிழ் தெரியாது. அதனால் அவர் பேசுவதைக் குணாளன் எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு நாள் கழித்து என்னிடம் பேசினான், ஆனால் பேசினது கோச்.

“டீ நல்லா இருக்குதாம்.”

“இன்னொரு டம்ளர் வேணுமான்னு கேளு.”

“வேணாமாம்.” அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னான். “நான் போயி அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொல்கத்தாக்காரங்களுக்கும் வரலன்னு சொல்லியாச்சி. இனிமே வர்ற நம்ம ஆட்டமெல்லாம் லைட் போட்டுத்தான். ஜனவரி ஆறாந்தேதி ஒண்ணு மட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெளிச்சம். அதுல கடைசி இருபது நிமிசம் இறக்கறேன்றாரு. டாக்டர் கிட்டயும் கேட்டுட்டாராம். அதோட போதும்.”

கோச் எழுந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். குணாளன் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

டிசம்பர் 23, சனி

தேவிகா வந்துவிட்டாள். குணாளனே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். வந்ததும் பையை வைத்தாள், மகனைக் கட்டிக்கொண்டாள், பிறகு சமையலறைக்கு வந்து என் கையில் இருந்த வெங்காயத்தை வாங்கி அரிய ஆரம்பித்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா? கல்யாணம் ஆயி மூணாம் நாள் சினிமாவுக்குப் போனோம். படம் போட்டுட்டான். மாமா, சீட்டுன்னு நெனச்சி ஒரு குண்டுப் பொம்பளை மடியில உக்காந்துட்டாரு. அவ போட்ட கூச்சல்ல தியேட்டர்ல லைட்டே போட்டுட்டான்.”

சிரிக்கிறாள். வெங்காயமா, வேறா, கண்ணில் தண்ணீர்.

“ஏண்டி என்னை வந்து ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டு? வேற மாமனா குடுத்திருப்ப?”

வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. “லாரி லைட்டு போட்டுக்கினு வந்ததும் தெரியும். நீ சொன்னதையே நானும் சொன்னேன். அது பிள்ளைக்கு வரும்னுதான் தெரியல” என்றாள். “தெரிஞ்சிருந்தா உன்னை சும்மா விட்டிருக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் ரெண்டு பேரும் நின்றோம்.

டிசம்பர் 31, ஞாயிறு

பயிற்சி பார்க்கப் போனேன். புதுசாக ஒன்று செய்கிறார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருத்தனும் தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு ஓடுகிறான். “நவாஸ், நவாஸ்!” “ஜெரி! ஜெரி!” குணாளன் சத்தம் வருகிற திசைக்கு அனுப்புகிறான். கோச் சொல்லிக் கொடுத்ததா என்று ஸுஹராவை விட்டு ஒரு பையனிடம் கேட்டேன். இல்லையாம், பிஜு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்ன யோசனையாம்.

ஸுஹரா, “எங்க ஸ்கூல்ல ஆஜர் எடுக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மழை தூற ஆரம்பித்தது. யாரும் உள்ளே போகவில்லை. மழைக்குள் இருந்து பெயர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

ஜனவரி 6, சனி

எழுபதாவது நிமிஷம் குணாளனை இறக்கினார்கள். வெயில் சாய்ந்து புல் மஞ்சளாகக் கிடந்தது. விஷயம் தெரிந்தவர்கள் அணிக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது வெறும் மாற்று ஆட்டக்காரன்.

எண்பத்தி மூணாவது நிமிஷம். பந்து அவன் காலுக்கு வருகிறது. அவன் தலையைத் திருப்பவில்லை. ஒரு தடவை கூட. நிற்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. முதலில் வெறும் இரைச்சல். கடல் மாதிரி. அப்புறம் அதற்குள் ஒரு நூல் மாதிரி ஒரு குரல் கிளம்பியது. “ஜெரி... ஜெரி...” இடமா, முன்னாலா, தூரமா, ஓடிக்கொண்டே இருக்கிற குரல். குரல் போகிற போக்கில் இனி எங்கே இருக்கும் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தது என்றா சொன்னேன், தெரியவில்லை, கேட்டது. கண்ணைத் திறந்தபோது பந்து அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆள் இன்னும் வரவில்லை. பத்தொன்பது வயசுப் பையன் அந்த ஜெரி, அவன் முதல் கோல்.

தேவிகா என் புடவை முந்தானையைக் கிழித்துவிட்டாள்.

ஜனவரி 7, ஞாயிறு

நாளைக்குச் சென்னையில் இருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் வருகிறாள். இருபத்தேழு வயசில் ஏன் ஆட்டத்தை விடுகிறான் என்று பேட்டி எடுக்க.

தேவிகா காலையில் இருந்து ஒரே பாட்டு. “முட்டின்னு சொல்லிடு குணா. எல்லா ஆட்டக்காரனுக்கும் முட்டிதான் போவுது. கண்ணுன்னு பேப்பர்ல வந்தா நாளைக்கி எவன் பொண்ணு குடுப்பான்? முட்டின்னா மரியாதையா இருக்கும்.”

அவன் ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். க்ளப்பிலும் அப்படியே சொல்லிவிடலாம் என்றார்களாம். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல குணமான வார்த்தைதான் அவள் சொல்வது. மரியாதையான வார்த்தை. அக்கறையான வார்த்தை. என் வாயில் இருந்த வார்த்தை அது, என் மகள் வாய்க்கு எப்போது போனது?

ஜனவரி 8, திங்கள்

அந்தப் பெண் பத்து மணிக்கு வந்தாள். சின்னப் பெண், கையில் நோட்டு. குணாளன் எதிரே உட்கார்ந்தான். தேவிகா அவன் பின்னால் நின்றாள். நான் காபி கொண்டு வந்தேன்.

“ஏன் சார் திடீர்னு?” என்றாள்.

குணாளன் வாயைத் திறந்தான். மூடினான். அம்மாவைப் பார்த்தான். “முட்டி...” என்று ஆரம்பித்தான்.

“முட்டி கெடக்குது” என்றேன் நான். டிரே கையிலேயே இருந்தது. “எழுதிக்கம்மா. கண்ணு. ஓரம் தெரியாது, அந்தி சாஞ்சா எதுவும் தெரியாது. எங்க குடும்பத்துல வர்றது. இவன் அப்பனுக்கு இருந்துச்சு, அவன் என் கூடப் பொறந்த தம்பி. ஏகாம்பரம்னு பேரு, அதையும் எழுதிக்க. தெரிஞ்சே மறைச்சி என் பொண்ணை அவனுக்குக் கட்டி வச்சேன். மறைச்சவ நான், இவன் இல்ல. என் பேரு கன்னியம்மாள். ரெண்டு சுழி ன, ன்னி, சரியா எழுது.”

“யம்மா!” என்றாள் தேவிகா. “நாளைக்கி இவனுக்குப் பொண்ணு...”

“குடுக்கறவன் தெரிஞ்சிக்கினு குடுக்கட்டும். உனக்கு நான் தெரிய விடல.”

தேவிகா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பேனா நின்றுபோய் இருந்தது. அவள் யாரை எழுதுவது என்று தெரியாமல் எங்கள் மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குணாளன்தான் முதலில் பேசினான். இருபத்தாறு நாளைக்கு அப்புறம், என்னைப் பார்த்து, கோச்சுக்காக இல்லாமல்.

“ஆயா, பேட்டி உனக்கா எனக்கா?”

“நீயே சொல்லிக்கடா. நான் போறேன்.”

“எங்க போற, உக்காரு. காபியைக் குடுத்துட்டு உக்காரு.”

தேவிகாவும் உட்கார்ந்தாள், என் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரெண்டு வட்டப் படத்தை எடுத்து வந்து காட்டினான். பிஜுவைச் சொன்னான். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, தேதி எனக்கு ஞாபகம் இல்லை என்று அம்மாவைப் பார்த்தான், தேவிகா தேதி சொன்னாள், என்ன சட்டை போட்டிருந்தார் என்று கூடச் சொன்னாள். அந்தப் பெண் ரெண்டு பேனா மாற்றினாள்.

கடைசியில் கேட்டாள். “இனிமே என்ன சார் செய்யப் போறீங்க?”

“தெரியலம்மா” என்றான். ஜன்னல் பக்கம் பார்த்தான், பதினொரு மணி வெயில் தரையில் கிடந்தது. “பகல் நெறைய இருக்குதே.”

“அதை எழுதிக்கிட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“எழுதிக்கிட்டேன் பாட்டி” என்றாள்.